பாத போட்டோ

சித்தூர்ப் பக்கம், புத்தலப்பட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் மாம்பழக்கூழ் ஆலையின் புகைபோக்கி இன்னும் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பார்த்தேன், இரண்டு தடவை. மாங்காய் வரத்து நின்று, டின்களை லாரியில் ஏற்றும் வேலையும் முடிந்துவிட்டது. மாம்பால் பட்ட இடமெல்லாம் என் கையில் தோல் உரிந்து தொங்கியது. கூட வேலை செய்த பீகார்க்காரர்களை அவர்களுடைய மேஸ்திரி வேறு ஊருக்கு ரயிலேற்றிக்கொண்டு போய்விட்டான். எனக்கு மேஸ்திரி யாரும் இல்லை. திருப்பதியில் எந்த மாதமும் வேலைக்குப் பஞ்சமில்லை என்று ஆலைக் காவல்காரர் சொன்னார். எந்த ரோடு என்று கேட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

எனக்கு ஊர் சின்னமனூர்ப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு திருப்பூர், பிவண்டி, பெங்களூர் என்று கட்டடம் எழும்பும் ஊர்களாகப் பார்த்துப் போனேன். ஆந்திராவை வெளிநாடு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாத ஊரெல்லாம் எனக்கு வெளிநாடுதான்.

ஆவணி வெயில். பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. நெற்றி, உச்சி வரைக்கும் ஏறியிருந்தது.

“இன்னா தம்பி, திருப்பதிக்கு நடந்தே போறியா? வேண்டுதலா?”

“இல்லண்ணே. வேலை தேடி.”

“ஏறிக்கோ. தனியா போய்க்கினு இருந்தா எனக்குத் தூக்கம் வருது.”

ஏறிக்கொண்டேன். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

“பதனமா புடி. உள்ள எங்க நைனா கீறாரு.”

அந்தப் பக்கம் அப்பாவை நைனா என்பார்கள் என்று ஆலையில் தெரிந்துகொண்டிருந்தேன். அஸ்திச் சாம்பல் என்று நினைத்துக் கவரை மடியில் படாமல் தூக்கிப் பிடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “போட்டோப்பா. செத்து ஒரு வருசம் ஆவுது. இத்த பாத போட்டோ ஆக்கணும். சித்தூர்ல ரெண்டு கடைல கேட்டேன். எங்களால ஆவாது, திருப்பதி போன்னுட்டானுங்க.”

“யார் பாதம்ணே? சாமி பாதமா?”

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றது.

“அட போ தம்பி! பாதன்னா தெலுங்குல பழ்சு. பாத சைக்கிளு, பாத சட்ட, பாத போட்டோ. எங்க ஊரு எல்லைல கீது. வாயத் தொறந்தா எந்த பாஷ வரும்னு எங்களுக்கே தெரியாது.”

அவர் பெயர் முனுசாமி. விஜயபுரம் பக்கத்துக் கிராமம். கங்காதர நெல்லூரில் கட்டிக்கொடுத்த தங்கையைப் புதுமனை விழாவுக்கு அழைத்துவிட்டு, அப்படியே போட்டோ வேலையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பாகாலாவுக்கு முன்னால் மொபெட்டின் செயின் அறுந்தது. இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். நாங்களும் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தோம். கேழ்வரகுக் களியை இங்கே சங்கடி என்கிறார்கள். எங்கள் வீட்டில் கிண்டும் களி கூழாக ஓடும். இங்கே பந்து மாதிரி நிற்கிறது. நடுவில் குழி செய்து வேர்க்கடலைத் துவையலை வைத்தார்கள். காரம் காதில் அடித்தது. நான் தண்ணீர் தண்ணீர் என்று தவிப்பதைப் பார்த்துக் கடைக்காரம்மா தெலுங்கில் என்னமோ சொன்னார். முனுசாமி மொழிபெயர்த்தார்: “இந்தப் பையன் அழறானா, சாப்புட்றானான்னு கேக்குது.”

சாப்பிட்ட கையைக் கழுவி, துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு அவர் கவரைப் பிரித்தார்.

திருமலையில் எடுத்த கலர் போட்டோ. குவைத்தில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி லீவில் வந்தபோது எல்லோரையும் மலைக்குக் கூட்டிப்போய், தன் புதுக் கேமராவில் எடுத்தது. ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தேதி எரிந்தது. நடுவில் ஒரு பெரியவர் தலை முதல் கால் வரை தெரிய நின்றார். மொட்டைத் தலையில் சந்தனம். உடம்பில் இங்கிலீஷ் எழுத்துப் போட்ட மஞ்சள் பனியன், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. இடது பக்கம் அவர் மனைவி. பின்னால் ஒரு வீடியோ கோச் பஸ், அதன் படியில் முகம் தெரியாத ஒருவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இது ஒண்ணுதான் கீது. ஓட்டு அட்டைல ஒண்ணு இருந்திச்சி. அதுல பலாக்கொட்ட மாரி கருப்பா ஏதோ தெரியும், அவ்ளோதான்.”

“நல்லாத்தானேண்ணே இருக்கு?”

“எங்க ஊர்ல செவுத்துல தொங்கறவங்க பாதி பேரு மொட்டதான் தம்பி. திருப்பதி போனாத்தான போட்டோ எடுக்கறோம்? அதெல்லாம் ஒண்ணும் குத்தமில்ல. எங்கம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குது.”

விஷயம் இதுதான். இரண்டு தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம் அது. இப்போது கொஞ்சம் சொந்த நிலம். குவைத்துக்காரன் அனுப்பியதில் ஒரு கான்கிரீட் மெத்தை வீடு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். செத்தவர் படத்தை மாட்டி, முதலில் அவருக்கு இலை போட்டுக் கும்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். அம்மா கன்னியம்மா இந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, “இந்த மொட்டைய யாருன்னே எனக்குத் தெரியாது. பாத ஆள கொண்டா. இல்லன்னா நான் புது வூட்ல கால் வெக்க மாட்டேன், குடிசையிலயே கெடக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

“சொன்னா செய்யுமா?”

“என் கல்யாணத்துக்கே வரலியே, பந்தல்ல எங்க மாமன் ஏதோ சொன்னான்னு. புள்ள பொறந்தப்புறம்தான் வந்து எட்டிப் பாத்துச்சி.”

அன்று புதன்கிழமை.

திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. யாத்ரீகர்கள் படுக்கும் கொட்டகையில் இடம் பிடித்தோம். அங்கே என்னைத் தவிர எல்லோரும் மொட்டை அல்லது நாளைக்கு மொட்டை. மாதக்கணக்கில் நாவிதரைப் பார்க்காத என் தலை காதுக்கு மேல் சுருண்டு கிடந்தது. பல் துலக்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, “முடியை எப்போது கொடுக்கப் போகிறாய், பிடித்து வைத்திருக்கிறாயே?” என்று தெலுங்கில் கேட்டதாக முனுசாமி சொன்னார். சாமிக்குக் கடன்காரன் மாதிரி அந்த ஊரில் நடமாடினேன்.

காலையில் கோவிந்தராஜ சாமி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்டூடியோவைக் கண்டுபிடித்தோம். வாசலில் ராஜா, ராணி வேஷத்தில் பழுப்பேறிய படங்கள். மன்னர் காலத்துப் படங்கள் என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு ராஜா கையில் செல்போன் கவர் இருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் சுஜாதா. கடையும் அவருடையதுதான். முப்பது வயதிருக்கும். எங்களுக்கு முன்னால் ஹைதராபாத்திலிருந்து வந்த நான்கு பையன்கள் நின்றார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கழுத்தில் அட்டையைக்கூடக் கழற்றவில்லை. முந்தின நாள் சந்திரகிரிக் கோட்டையில் ஸ்டூடியோவின் ஜரிகைக் கோட்டைப் போட்டு எடுத்த படங்களைப் பழசாக்கி வாங்கிப்போக வந்திருந்தார்கள். ஒருவன் திரையைப் பார்த்துவிட்டு, “நான் என் தாத்தாவுக்கே தாத்தா மாதிரி இருக்கேன்” என்றான். இன்னொருவன், “மூஞ்சி ஆமாம். காலைப் பார், மாரத்தான் ஓடப் போகிற ராஜா” என்றான்.

எல்லோர் காலிலும் வெள்ளை ஷூ.

“இதுதான் அண்ணா என் தலைவலி” என்று சுஜாதா எங்களிடம் தமிழில் சொன்னார். சித்தூரில் படித்தவராம், தமிழ் தெலுங்கு மணத்தோடு வந்தது. “கிரீடம் கேக்கறாங்க, கத்தி கேக்கறாங்க, குடுக்கறேன். காலுக்கு மட்டும் யாரும் வேஷம் போடறதில்ல. கீழ அரை அடி இருட்டு பூசித்தான் அனுப்பறேன்.”

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கம்ப்யூட்டரில் கலரை உருவிவிட்டுப் பழுப்பைக் கொடுக்கிறார். பளபளப்பில்லாத தடித்த தாளில் அச்செடுக்கிறார். வேலை அதோடு முடியவில்லை. பக்கத்து டீக்கடையில் பிழிந்துபோட்ட தூளை வாங்கி மறுபடி கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை அலுமினியத் தட்டில் ஊற்றிப் படத்தை முக்கி எடுக்கிறார். மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறார். காய்ந்ததும் மூலைகளை உப்புத்தாளால் தேய்த்து, குறுக்கே ஒரு மடிப்பு மடித்து நிமிர்த்துகிறார். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுகிறது. அவ்வளவுதான், நேற்று எடுத்த படம் பரணில் கிடந்து வந்த மாதிரி ஆகிவிடுகிறது. மாடி முழுக்க டீ வாசனை.

முனுசாமியின் முறை வந்தது. “பாத போட்டோ ஆக்கணும்மா” என்றார். சுஜாதா படத்தை வாங்கிப் பார்த்தார். “சரி அண்ணா, சாப்பிட்டு வாங்க” என்றார்.

அன்னதானத்தில் சாப்பிட்டோம். சோறு, சாம்பார், ஒரு கூட்டு, மோர். பக்கத்து இலையில் இருந்த மகாராஷ்டிரக் குடும்பம் சாம்பாரைக் குடித்துப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தது. பிவண்டியில் அவர்கள் ஊர்ப் பருப்பைப் பார்த்து நானும் அப்படித்தான் முழித்தேன்.

திரும்பி வந்தபோது படம் தயார். பெரிதாக்கியிருந்தார். பஸ்ஸும் பொட்டலக்காரரும் போய்விட்டார்கள், தேதி போய்விட்டது. பழுப்பில் பெரியவர் மட்டும் நின்றார். பனியன் எழுத்து மங்கலாகிக் கறை மாதிரி ஆகியிருந்தது. மடிப்புக் கோடு சரியாகக் கன்னத்தின் மேல் ஓடியது. எனக்கு அருமையாகப் பட்டது. முனுசாமி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? எங்க நைனா போன வருசந்தான் செத்தாரு. இதுல வெள்ளக்காரன் காலத்துல செத்தாமாரி கீறாரு.”

“பாத போட்டோதானே அண்ணா கேட்டீங்க?”

“கேட்டேன். போட்டோவையா பாதயாக்கச் சொன்னேன்? ஆள பாதயாக்கச் சொன்னேன்!”

“இதைவிடவா வயசாகணும்?”

“அய்யய்யோ! வயசு கொறையணும்மா. பாத ஆளுன்னா வாலிபத்துல இருந்த ஆளு!”

சுஜாதா மவுஸிலிருந்து கையை எடுத்தார். சிரிப்பை அடக்கிப் பார்த்து முடியாமல் மேஜையில் தலையை வைத்துக்கொண்டார். “ஆள் கொத்தகா இருந்தா பாத ஆளு. போட்டோ பாதகா இருந்தாத்தான் பாத போட்டோ. ரெண்டையும் நீங்க ஒரே வார்த்தைல கேட்டா நான் என்ன பண்றது?” கொத்த என்றால் புதுசு என்று முனுசாமி எனக்குச் சொன்னார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே நின்றது. மறுநாள் வெள்ளிக்கிழமை.

விஷயத்தைக் கேட்ட சுஜாதா, கடையைச் சாத்துகிறேன் என்று சொல்லவில்லை. காத்திருந்த ஒரு குடும்பத்தைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பினார்.

“வாலிபத்துல எப்படி இருப்பாரு?”

“அச்சு என்ன மாரின்னு சொல்வாங்க. மூக்கு, மோவாக்கட்ட, எல்லாம்.”

“முடி?”

“அதான் எனக்கு வரல. அவுருக்கு சுருட்ட முடி. காது மேல வந்து வுழுமாம்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முனுசாமியைச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளில் துண்டோடு நிற்கவைத்து எடுத்தார் சுஜாதா. பிறகு என் தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, கையாலேயே கோதிவிட்டு, அதே வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்தார். திரையில் என் முடி என்னை விட்டுக் கழன்று முனுசாமியின் வழுக்கையில் போய் உட்கார்ந்தது. கன்னச் சுருக்கம் போனது. மீசை கருத்தது. கண்ணை மட்டும் மலைப் படத்திலிருந்து பெரியவருடையதாகவே எடுத்து வைத்தார். ஊரே மொட்டையடிக்கிற திருப்பதியில் கத்தி படாமல் முடி கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பழுப்பு ஏற்றி அச்செடுத்ததும் முனுசாமி அதைப் பார்த்து, “நைனா” என்றார். துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை டீத் தண்ணீரும் மடிப்பும் வேண்டாம் என்று சுஜாதா விட்டுவிட்டார். சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டினார்கள். வழியில் கண்ணாடி உடையாமல் இருக்க, முதலில் செய்த பழுப்புப் படத்தையே அதன் மேல் சுற்றிக் கயிறு கட்டினார் சுஜாதா. “தப்பா செஞ்சதும் உங்களுதுதான் அண்ணா, எடுத்துட்டுப் போங்க.”

“நீயும் வா தம்பி” என்றார் முனுசாமி. “உன் முடி எங்கூட்டு செவுத்துல தொங்கப் போவுது. சாப்புடாம போனா நல்லாருக்காது.”

திருப்பதியில் தேட வந்த வேலை அங்கேயே இருக்கட்டும் என்று ஏறிக்கொண்டேன். புத்தூர் தாண்டி, நகரியில் டீ குடித்தோம். தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் டீக்கடைக்காரரிடம் சர்க்கரை குறைத்து என்று கையால்தான் சொல்ல வேண்டியிருந்தது. அங்கிருந்து வயல்கள் ஆரம்பித்தன. நடவு காலம். சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். வானம் அடிக்கடி உறுமியதே தவிர மழை வரவில்லை. சட்டத்தை மார்போடு அணைத்தபடி வந்தேன்.

புது வீடு பச்சை நிறம், ஓரங்களில் ரோஸ். வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. எதிரில் பழைய குடிசை. அதன் முன்னால் கன்னியம்மா, நடவு முடிந்து வந்த காலோடு உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. மறுநாள் விசேஷம் என்பதற்காக அவர் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை.

“கொண்டாந்துட்டியா?”

முனுசாமி கயிற்றை அவிழ்த்து, சுற்றிய தாளைக் கீழே போட்டுவிட்டுச் சட்டத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“முடி நல்லா கீது” என்றார்.

முனுசாமி என் முதுகில் தட்டினார்.

கன்னியம்மா தலையை நிமிர்த்தி என் தலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

“முடி இந்தப் புள்ளயுது. ஒடம்பு உன்னுது. மொகம்?”

“நைனா ஜாடதானம்மா எனக்கு…”

“ஜாட இல்லடா, இது நீதான். நான் பெத்த மொகம் எனக்குத் தெரியாதா? இதுக்கு மாலய போட்டு, பொட்டு வெச்சி, எல போட்டு கும்புட சொல்றியா? படையல வெச்சிட்டு நீ எதுருல குந்திகினு துன்னுவியா? உசுரோட கீற புள்ளைய செவுத்துல மாட்டுவாங்களாடா, பைத்தியக்காரா!”

எனக்கு உச்சந்தலை சில்லென்றது. அதில் பாதி நானும்தானே தொங்கவிருந்தேன். அதுவரை இது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முனுசாமி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்ப நாளைக்கு வரமாட்ட.”

“மாட்டேன்.”

“தம்பி போன் பண்ணுவான். அம்மா எங்கன்னு கேப்பான். இன்னா சொல்லட்டும்?”

“குடிசையில கீதுன்னு சொல்லு. கட்னது அவன்தான், அவன் வந்து குடியிருக்கட்டும்.”

சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். அப்படி இல்லை. முகம் தெரியாத ஆளைக் கும்பிட்டு உள்ளே போவது அவருக்குப் புருஷனை வெளியே விட்டுவிட்டுப் போவது மாதிரி.

கீழே கிடந்த பழுப்புத் தாள் காற்றில் புரண்டது. செத்தவர் படம், மிதிபடக் கூடாதென்று எடுத்து மடிக்கப் போனேன்.

“இன்னாது அது? இங்க குடு நைனா” என்றார் கன்னியம்மா என்னிடம். அந்தப் பக்கம் பெற்ற அப்பாவும் நைனா, பிரியமாகக் கூப்பிடும் பையனும் நைனா.

தாளைத் தொடைமேல் விரித்தார். மொட்டைத் தலையைப் பார்த்து முகத்தைச் சுளித்து அதை உள்ளங்கையால் மூடினார். அடுத்த கையால் பனியனை மூடினார். மூடிய கை கீழே கீழே நகர்ந்து முழங்காலில் நின்றது.

மலையில் செருப்புப் போடமாட்டார்கள். வெறுங்கால்கள் தெளிவாக விழுந்திருந்தன. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விசிறியாக விரிந்த கால். இடது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

“இது அவுருதான்” என்றார் கன்னியம்மா.

அவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார்:

“கல்யாணத்துல தல குனிஞ்சிகினே குந்தினு இருந்தேன். நிமுந்து பாத்தா கொழுப்பெடுத்தவன்னு சொல்வாங்க. பக்கத்துல ரெண்டு காலு வந்து நின்னுச்சி. மொதமொத நான் பாத்தது இந்தக் காலுதான். மம்மட்டி பட்டு நகம் அப்பவே பொளந்து போயிருந்திச்சி. அய்யோ, வலிக்குமேன்னு நெனச்சேன். மொகம் பாக்க மூணு நாளாச்சி.” விரலால் அந்த நகத்தைத் தொட்டார். “முடி போச்சி, பல்லு போச்சி, மொகம் எப்டியோ ஆயிப்போச்சி. காலு அப்பிடியே கீது பாரு. சேத்துல எறங்கற காலு மாறாது.”

பிறகு தாளை என்னிடம் நீட்டினார். “இந்த எடத்துல வெட்டு.”

வீட்டுக்குள்ளிருந்து கத்தரி வந்தது. முழங்காலுக்குக் கீழே நேராக வெட்டினேன். மொட்டையும் பனியனும் மடிப்புக் கோடும் ஒரு துண்டாக விழுந்தன. மீதித் துண்டில் இரண்டு கால்கள். இடது ஓரத்தில், சுஜாதா அழிக்க மறந்த ஒரு சேலை முந்தானையின் நுனி, பிளந்த நகத்துக்குப் பக்கத்தில் வந்து பட்டுக்கொண்டிருந்தது. மலையில் பக்கத்தில் நின்ற கன்னியம்மாவுடையது.

“அத்தயும் வெட்டிடு தம்பி” என்றார் முனுசாமி. “அம்மா உசுரோட கீது. அதுக்கும் மாலையா?”

கன்னியம்மா என் கையைப் பிடித்தார். “இருக்கட்டும். சேலைக்கு ஏதுடா உசுரு?”

சட்டத்தைப் பிரித்து, முனுசாமியின் முகமும் என் முடியுமாக இருந்த படத்தை வெளியே எடுத்தோம். அதை என்ன செய்வது என்று கேட்டேன்.

“பொட்டில வையி. பின்னால ஒதவும்.”

“எதுக்கு, நான் செத்தப்புறமா?” என்றார் முனுசாமி.

“ஆமாண்டா. அப்பவாச்சும் முடியோட இருப்ப.”

வெள்ளிக்கிழமை விடியலில் கன்னியம்மா சேறு போகக் குளித்து, பால் பானையோடு வலது காலை எடுத்து வைத்துப் புது வீட்டுக்குள் போனார். கூடத்துச் சுவரில் பழுப்பு நிறத்தில் இரண்டு கால்கள். மேலே சாமந்தி மாலை. விரல்களுக்கு மேலே மஞ்சளும் குங்குமமும். முன்னால் இலை, சோறு, வடை, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு. கங்காதர நெல்லூரிலிருந்து வந்த தங்கச்சி மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மச்சான் முனுசாமியிடம் கேட்டார், “இன்னா பாவா இது, மாமாவோட காலு மட்டும் கீது?”

“திருப்பதியில பாத போட்டோ கேட்டேன் பாவா” என்றார் முனுசாமி, என்னைப் பார்க்காமல். “குடுத்தாங்க.”

இரண்டு பந்தி சாப்பிட்டேன். சாயங்காலம் குவைத்திலிருந்து போன் வந்தது. கன்னியம்மா போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக் கத்தினார்: “உள்ளதாண்டா கீறேன்! நைனா பக்கத்துல!”

சனிக்கிழமை காலையில் என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கன்னியம்மா நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாற்றுக்கட்டு சுமக்க ஆள் குறைகிறதாம். “திருப்பதி எங்கயும் ஓடிப் போவாது. வர்ரியா?” என்றார். பையைப் புது வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பின்னால் போனேன். வரப்பில் செருப்பைக் கழற்றியதும் அவர் என் காலைக் குனிந்து பார்த்தார்.

“இன்னா நைனா இது, கொயந்த காலு மாரி கீது. எறங்கு. ஆயிடும்.”

இறங்கினேன்.